வாரக் கூலிக்காரியின் கரண்ட் பில்: ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மின்துறை அமைச்சர் அவர்களுக்கும், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும்,

டிசம்பர் முதல் வாரம், வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. எங்கள் வீட்டு பியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான் கம்பெனியில் இருந்தேன். வீட்டில் என் கணவர் படுத்திருந்தார். இடுப்பில் டிஸ்க் விலகியவர், கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரவே அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அவர் கதவைத் திறந்தபோது வயர்மேன் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. கையில் லிஸ்ட் கொடுத்து அனுப்பினால் அவர் என்னதான் செய்வார்?

அன்றிரவு என் மகன் பக்கத்து வீட்டு வாசல் விளக்கடியில் பாயைப் போட்டுப் படித்தான். பத்தாம் வகுப்பு. கொசு கடிக்கிறதென்று காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விளக்கு அணைந்ததைச் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. மூன்றாம் நாளே கரண்ட் வந்துவிட்டது. அது வந்த வழியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் கொங்குப் பக்கம், பனியன் கம்பெனிகளை நம்பி இருக்கிற ஒரு ஊரில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நான் செக்கிங். என் கணவர் ஒரு பவர்டேபிளில், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன இடத்தில், டைலர். எங்கள் ஊரில் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம் வரும். மளிகைக் கடைக்காரர், சீட்டுக்காரர், பால்காரர் எல்லோருக்கும் இது தெரியும். ஞாயிறு காலையில் வந்து வாங்கிக்கொள்வார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, டிவியில் அது பெரிய மனிதர்கள் சமாச்சாரமாக ஓடியது. எங்கள் லைன் வீடுகளுக்கு அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனி ஒரு ஷிப்ட் ஆனது. அப்புறம் வாரத்தில் நான்கு நாள். அக்டோபரில் பண்டல் தூக்கும்போது அவருக்கு இடுப்புப் பிடித்தது. ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு இருந்திருந்தால் உடம்பு சரியில்லாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் கிடைத்திருக்கும். அவர் வேலை பார்த்த இடத்தில் மொத்தம் ஆறு மெஷின். ஈஎஸ்ஐயும் இல்லை, ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில்தான் பில் வந்தது.

இரண்டு மாதத்துக்கு எங்கள் வீட்டில் 400 யூனிட் ஓடும். 1,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்தத் தடவை அக்டோபர் கடைசியில் வர வேண்டிய கணக்கெடுப்பாளர் நவம்பர் நடுவில் வந்தார். 60 நாள் கணக்கு 78 நாளானது. 400 யூனிட் 520 யூனிட் ஆனது. பில் 2,200 சொச்சம். கூடுதல் 120 யூனிட்டுக்கு ஆயிரம் ரூபாய்! எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற படி போட்டவர்கள் நீங்கள்தானே. ஆனாலும் என்னைப் போலத் தெரியாமல் கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். ஏனென்றால் 500ஐத் தாண்டியதும், கீழே உள்ள யூனிட்டுகளுக்குக் கொடுத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. பிறகு விலை மாறியிருக்கிறது, இந்தப் படி அப்படியேதான் இருக்கிறது. 60 நாளில் நாங்கள் 500ஐத் தாண்டவில்லை. ஆள் வராத 18 நாள்தான் எங்களைத் தாண்ட வைத்தது. மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் படித்தது ஞாபகம் இருக்கிறது. அது வேறு கதை, விடுங்கள்.

கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, அரைநாள் லீவு போட்டு, 800 ரூபாயை எடுத்துக்கொண்டு எங்கள் கரண்ட் ஆபீசுக்குப் போனேன். இதை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை வாரம் முந்நூறு முந்நூறாகக் கட்டிவிடுகிறேன் என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். முழுத் தொகையாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் எடுக்கும் என்றார். தாமதமாகக் கணக்கெடுத்ததைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். இணைப்பு யார் பேரில் என்று பார்த்துவிட்டு, அவர் கையெழுத்து வேண்டும் என்றார்.

இணைப்பு வீட்டுக்கார அம்மாவின் மாமனார் பேரில் இருக்கிறது. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. செத்தவர் பேரில் பில் போட முடிகிறது, அதைக் கட்டுகிற என் கையெழுத்தை மட்டும் ஏற்க முடியவில்லை.

மனுவைக் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு ஒரு நாள் கூலி போனது. வாசலில் மனு எழுதுகிறவருக்கு 50 ரூபாய். ரசீது கொடுத்தார்கள், போனில் எஸ்எம்எஸ் வந்தது. மனு எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது தெரியுமா? நான் முதலில் போன அதே கரண்ட் ஆபீசுக்கு. பியூஸ் பிடுங்கிய மறுநாள் இன்னொரு எஸ்எம்எஸ் வந்தது, மனு முடித்துவைக்கப்பட்டதாக.

இனி பணம் கிடைத்த வழி. 2,200 ரூபாய் புரட்ட நான் போன இடங்களை வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

கம்பெனியில் அட்வான்ஸ் கேட்டேன். ஆர்டர் இல்லாத நேரத்தில் கேட்கிறாயே என்று சூப்பர்வைசர் அக்கா சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் எனக்கு வருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மாதம் தவறவில்லை. அது வாடகையில் போய்விடும். ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது. அதனால்தான் பட்டினி இல்லை. ஆனால் அரிசியைக் கொடுத்து கரண்ட் பில் கட்ட முடியாதே. மகளிர் குழுவில் கேட்டேன். போன ஏப்ரலில் எடுத்த கடன் முடியாமல் அடுத்தது கிடையாது என்றார்கள். அதுவும் சரிதான், விதி.

பிறகு மைக்ரோ பைனான்ஸ்காரர் வந்தார். நான் கூப்பிடவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அவராகவே வந்தார். எனக்கு 2,200 வேண்டும் என்றேன். அவ்வளவு சின்னத் தொகை கிடையாது, 30,000 தருகிறேன் என்றார். ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ போதுமாம். ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அவர் என் வருமானத்தைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் வேறொரு எண்ணை எழுதிக்கொண்டார். பயந்துபோய் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

கடைசியில் போனது தண்டல்காரரிடம். 3,000 ரூபாய் என்று எழுதி, 450ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு, 2,550 கையில் கொடுத்தார். வாரம் 300 வீதம் பத்து வாரம். கட்டம் போட்ட ஒரு மஞ்சள் அட்டை தந்தார். ஞாயிறு காலை எட்டரைக்கு வருவார், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். பெயர் கேட்டார், வீட்டைப் பார்த்தார், அவ்வளவுதான். வீடு யார் பேரில், இணைப்பு யார் பேரில் என்று ஒரு கேள்வி இல்லை. நான் கேட்டு அரை மணி நேரத்தில் பணம் கையில்.

2003இல் நம் சட்டமன்றம் கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டது. தினவட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் பேராக எழுதித் தடை செய்த சட்டம். 2025இல் கடன் வசூலில் மிரட்டுவதற்கு எதிராக இன்னொரு சட்டமும் வந்தது. இரண்டும் நல்ல சட்டங்கள்தான். ஆனால் தண்டல்காரரிடம் போகாதே என்று சொல்கிற அரசாங்கம், வேறு எங்கே போவது என்று ஒரு வாசலைக் காட்ட வேண்டாமா? என்னை அவரிடம் தள்ளிவிட்டதே அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய ஒரு பில்தான். சுவரில் ஓடுகிற மீட்டருக்காக மீட்டர் வட்டிக்காரன் வாசலில் போய் நின்றேன் என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டில் மீட்டர் பக்கத்து ஆணியில் இப்போது இரண்டு அட்டைகள் தொங்குகின்றன. ஒன்று உங்களுடைய வெள்ளை அட்டை. இன்னொன்று அவருடைய மஞ்சள் அட்டை. வாரச் சம்பளக்காரியிடம் வாரக் கணக்கில்தான் வாங்க முடியும் என்பது மஞ்சள் அட்டைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வாங்குகிற அதே 300ஐ நீங்கள் வாங்கியிருந்தால் எட்டாவது வாரத்தில் என் பாக்கி முடிந்திருக்கும். வட்டியாக 450 போயிருக்காது, அபராதமும் மறு இணைப்புக் கட்டணமும் போயிருக்காது, ஒன்றரை நாள் கூலி போயிருக்காது. உங்களுக்கும் பணம் முழுசாக வந்திருக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கையில் பணம் மிச்சம் இருக்கிறவர்கள் கரண்ட் பில்லுக்கு முன்பணம் கட்டி வைக்கலாம், அதற்கு வட்டிகூட உண்டு என்கிறார்கள். முன்னால் கட்டுகிறவருக்கு இருக்கிற ஏற்பாடு, பின்னால் கட்டுகிறவருக்கு ஏன் இல்லை?

முடியாத காரியம் என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் செய்து காட்டியிருக்கிறீர்கள். 2020 ஊரடங்கில் கட்டணம் கட்டும் கெடுவைத் தள்ளி வைத்தீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் நான்கு மாவட்டங்களுக்கும் அபராதம் இல்லாமல் அவகாசம் கொடுத்தீர்கள். அப்போது கம்ப்யூட்டர் எடுத்தது. ஊருக்கே புயல் வந்தால் டிவியில் காட்டுகிறார்கள், உத்தரவு வருகிறது. ஒரு வீட்டுக்குள் மட்டும் வருகிற புயலை எந்தக் கவுன்ட்டரில் சொல்வது என்றுதான் கேட்கிறேன். கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று இலவச மின்சாரம் கொடுக்கிற மாநிலம் இது. கொடுக்கட்டும், அவர்கள் பாடு எனக்குத் தெரியும். நான் அதையெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் முதல் 100 யூனிட் 2016இலிருந்து இலவசம்தான், நன்றியோடு சொல்கிறேன். (எதிர் காம்பவுண்டில் ஐந்து வீட்டுக்கு ஒரே மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்கிக்கொள்கிறார். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பது பேப்பரில் வருகிற செய்தி. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் ஓடுகிற வீட்டுக்கு உரிமைத் தொகை கிடையாது என்ற விதியில், ஐந்து குடும்பம் ஓட்டும் அந்த மீட்டரை யார் கணக்கில் வைப்பது என்பதும் அவர்களுக்குப் புரியாத விஷயம்.)

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கரண்ட் வந்து பத்து நாள் கழித்து யூனியன் ஆபீசில் ஒரு அண்ணன் மூலம் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. 2003 மின்சாரச் சட்டம், 56ஆவது பிரிவு. எழுத்து மூலம் 15 முழு நாள் நோட்டீஸ் கொடுக்காமல் பாக்கிக்காகத் துண்டிக்கக் கூடாது. பில் தொகையில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாத சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டினால், தகராறு தீரும்வரை பியூசில் கை வைக்கக் கூடாது. என் சராசரி 1,200க்குள். கையில் இருந்த 800ஓடு ஒரு நானூறு புரட்டியிருந்தால் போதும்! மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் என்று ஒன்று இருப்பதும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் இருப்பதும், பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பில்லைப் பற்றி எத்தனையோ எஸ்எம்எஸ் எனக்கு வந்திருக்கிறது. எல்லாமே கட்டு, கடைசி நாள், துண்டிக்கப்படும் என்பவைதான். கட்ட முடியாவிட்டால் இங்கே வா என்று ஒரு வரி வந்ததில்லை. அந்த வரியை அனுப்ப எவ்வளவு செலவாகும்?

ஜனவரி பில் சரியான நாளில் வந்தது. 900 ரூபாய்க்குள். அதைக் கட்டத் தோட்டை அடகு வைத்தேன். தண்டலுக்கு இன்னும் மூன்று கட்டம் பாக்கி. என் கணவர் இப்போது எழுந்து உட்காருகிறார், மெஷினில் உட்கார இன்னும் இரண்டு மாதம் ஆகலாம் என்கிறார் டாக்டர். இந்த நிலைமையில் நான் மட்டும் இல்லை. எங்கள் லைனில் எட்டு வீடு, அதில் நான்கு வீட்டில் மஞ்சள் அட்டை தொங்குகிறது.

நான் உங்களிடம் கேட்பது இவைதான்.

முதலில் தவணை. கெடு முடிவதற்குள் வந்து, முழுசாகக் கட்ட முடியவில்லை என்று சொல்கிற எந்த வீட்டு இணைப்புக்கும், பில்லைக் குறைந்தது நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். வாரத் தவணையும் அதில் இருக்கட்டும். ஏஇ (உதவிப் பொறியாளர்) மனது வைத்தால் கிடைக்கும் என்கிற மாதிரி வேண்டாம், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று மின் வழங்கல் விதித்தொகுப்பில் எழுதுங்கள். தவணை தவறாமல் கட்டுகிறவரை பியூசைத் தொடக் கூடாது. கம்ப்யூட்டர் எடுக்காது என்றால் கம்ப்யூட்டரை மாற்றுங்கள்.

இரண்டாவது, தாமதக் கணக்கெடுப்பு. 60 நாளைத் தாண்டி எடுத்தால், படியையும் அத்தனை நாளுக்கு நீட்டுங்கள். 78 நாள் கணக்கென்றால் 500 யூனிட் வரம்பு 650 ஆக வேண்டும், இலவச 100 யூனிட் 130 ஆக வேண்டும். நாங்கள் வந்து கேட்டுத்தான் திருத்த வேண்டும் என்று வைக்காதீர்கள், பில்லிலேயே வரட்டும். எங்கள் லைனில் எட்டு வீட்டுக்கும் அன்றைக்குத்தான் கணக்கெடுத்தார்கள். 500ஐத் தாண்டியவர்களுக்கு நவம்பரில் கூடுதலாக வாங்கிய பணத்தை அடுத்த பில்லில் கழித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வாடகைக்காரர் கையெழுத்து. வாடகை ஒப்பந்தமோ, அந்த முகவரியில் ரேஷன் கார்டோ, கடைசி மூன்று பில் கட்டிய ரசீதோ, ஏதாவது ஒன்று இருந்தால் அந்த இணைப்பைப் பற்றி மனுக் கொடுக்க எங்களுக்கு உரிமை வேண்டும். 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்று எங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அந்தச் சட்டத்துக்கு நாங்கள் கண்ணில் படுகிறோம். உங்கள் விதிக்கும் படட்டும்.

நான்காவது, படுத்த படுக்கையாக ஆள் இருக்கிற வீடு, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீடு என்று தெரிவித்தால், துண்டிக்கும் முன் ஒரு அதிகாரி நேரில் வந்து பேச வேண்டும். வயர்மேனை மட்டும் லிஸ்டோடு அனுப்பக் கூடாது. வியாழன், வெள்ளியில் துண்டித்துவிட்டு சனி ஞாயிறு இருட்டில் விடுவதும் கூடாது.

ஐந்தாவது, இது உங்கள் இரு அலுவலகங்களை மட்டும் சேர்ந்ததில்லை, நிதித்துறையிடம் நீங்கள்தான் பேச வேண்டும். தாலுகா அலுவலகத்தில் ஒரு சின்ன அவசர நிதி வையுங்கள். வேலை போனது, விபத்து, நோய் என்று கிராம நிர்வாக அலுவலரோ அரசு டாக்டரோ எழுதிக் கொடுத்தால், ஆண்டுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு பில், நேராக மின் கணக்கில் வரவு வையுங்கள். எங்கள் கையில் பணமாகத் தர வேண்டாம். திருப்பிக் கட்டச் சொன்னாலும் சரி, வட்டியில்லாமல் கட்டுகிறோம்.

இவற்றில் செலவே இல்லாத ஒன்றை நாளைக்கே செய்யலாம். பில் எஸ்எம்எஸ்ஸின் கடைசியில், கட்ட முடியாதவர்கள் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், 56ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று தமிழில் இரண்டு வரி சேருங்கள்.

அடுத்த தடவை கட்டணத்தைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, எங்கள் மாதிரி ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கூலி போகாமல் வந்து பேசுகிறோம். நான்கு வீட்டு மஞ்சள் அட்டைகளையும் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அடுத்த கணக்கெடுப்பு மார்ச் நடுவில். மகனுக்குப் பொதுத்தேர்வும் அப்போதுதான். தவணைக் கோரிக்கைக்கு மட்டுமாவது அதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால், எந்த விதிப்படி முடியாது என்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பியூஸ் பிடுங்கப்பட்ட ஒரு வாடகை வீட்டுக்காரி